கம்பி வலையும் கேட் சோதனையும்

காலையில் மொட்டைமாடி அறைக்குள் நுழைந்ததும் என்னை முதலில் கண்டுகொள்வது மனிதர்கள் இல்லை, கருவிதான். கூரைத் திறப்பு வழியாக வானத்தைப் பார்த்து நிற்கும் அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறார்கள். மறதியாக அதைத் தாண்டி ஓர் அடி வைத்துவிட்டால், மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் காகிதச் சுருளில் பேனா முள் விருட்டென்று மேலே ஏறும். என் உடம்புச் சூட்டை அது பார்த்துவிட்டது என்று அர்த்தம். "தனம் வந்துவிட்டாள்" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வாள் மார்கரெட். இந்த ஆராய்ச்சிக்கு அவள்தான் பேராசிரியர். கனடாவின் இந்தச் சமவெளி ஊருக்கு வந்து எத்தனையோ விஷயங்கள் பழகிவிட்டன. குளிர்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிப்பது பழகிவிட்டது. மூக்கு முடி உறைந்து குத்துவதும் பழகிவிட்டது. ஒரு இயந்திரம் என்னைப் பார்ப்பது மட்டும் இன்னும் பழகவில்லை. சந்தேகப் பார்வைகளையெல்லாம் அம்பத்தூரிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறியதாக நினைத்திருந்தேன்.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரபஞ்சம் பிறந்த காலத்துப் பெருஞ்சூடு ஆறி ஆறி, அதன் கடைசி மிச்சம் இன்றைக்கும் எல்லாத் திசையிலிருந்தும் நுண்ணலையாக வந்துகொண்டே இருக்கிறதாம். அந்த அலை எந்த வாட்டத்தில் ஆடுகிறது, நெடுக்கிலா குறுக்கிலா, எதில் துளி கூடுதல் என்று அளக்க வேண்டும். பள்ளிக்கூட இயற்பியலில் தளவிளைவு என்று படித்திருப்பீர்கள், அதுதான். துளி கூடுதல் இருந்தே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொண்ணூறுகள் வரை உலகத்தில் ஒருவரும் அதை அளந்து பிடித்ததில்லை. வானம் தருவது எது, கருவி தானாகக் கிளப்பிவிடுவது எது என்று பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. அதனால் இங்கே பாதி வேலை, பார்த்ததையெல்லாம் சந்தேகப்படுவது. அந்த வகையில் எனக்குப் பொருத்தமான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

என் வேலை கம்பி வலை செய்வது. வலை என்ற பேரே தவிர குறுக்குக் கம்பி கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பியை, மேலே தங்க முலாம் பூசியது, ஒரு சட்டத்தில் சீராக இடைவெளி விட்டு நெடுக்காக மட்டும் இழுத்துச் சுற்றி ஒட்ட வேண்டும். அதைக் கருவியின் வாய்க்கு மேல் சாய்வாக வைத்துச் சுற்றினால், இவ்வளவு வர வேண்டும் என்று முன்னமே தெரிந்த ஓர் அளவு வரும். கடைக்காரர் தராசைச் சரிபார்க்கப் படிக்கல் வைப்பது மாதிரி. படிக்கல்லே கோணல் என்றால் தராசு சொல்வதையெல்லாம் குப்பையில்தான் போட வேண்டும். என் கணவர் ஏகாம்பரம் இந்தப் பல்கலைக்கழகப் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர். வலை சுற்ற ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என் மனைவி ஊரில் டிரான்ஸ்பார்மர் காயில் சுற்றியவள் என்று போய்ச் சொல்லிவிட்டார். மார்கரெட் கூப்பிட்டாள், சுற்றச் சொன்னாள், கேரட்டைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள், அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தங்க முலாம் கம்பி பூட்டாத இழுப்பறையில் கிடக்கிறது. சாயங்காலம் கிளம்பும்போது யாரும் என் பையைத் தொடுவதில்லை. வாசலில் ஆளே இல்லை.

இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இப்படி ஒருத்தியை நம்புகிறார்கள் என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் என் புத்தி போயிற்று. கூரையின் நான்கு மூலையிலும் கேமரா தேடினேன். ஒருநாள் என்னைப் பார்க்க வந்த ஏகாம்பரம், "இன்னாத்துக்கு மேலயே பாத்துகினு கீற? இங்க எவனும் உன்ன பாக்க மாட்டான். அவனவன் அவன் வேலைய பாத்துகினு போறான்" என்று சிரித்தார். அதுதான் எனக்குப் பயம் என்று அவருக்குப் புரியவில்லை. நாளை ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று வெட்டிய கம்பித் துணுக்குகளையெல்லாம் பொறுக்கி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, தினமும் கிளம்புமுன் மார்கரெட் மேசையில் வைத்தேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது உங்கள் நாட்டில் பரிசா? நான் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டாள். கழிவுக் கம்பி, கணக்குக்காக வைத்தேன் என்றேன். "ஓ" என்றாள். ஜாடியைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கழுவி என்னிடமே கொடுத்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு என் பைத்தியம் புரியும். எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் இருந்தேன். நீளமான பெஞ்சில் வரிசையாகப் பெண்கள். எல்லாரும் அயனம்பாக்கம், திருவேற்காடு, ஆவடிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் அப்பா, அம்மா தலைமுறை ஏரிக்கரை வயல்களில் கூலிக்கு நாற்று நட்டது. எங்கள் தலைமுறை அதே கையால் செப்புக் கம்பி சுற்றியது. செம்பு என்றால் காயலான் கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது கேட்டில் செக்கிங் உண்டு. ஆண்களுக்கு வாட்ச்மேன், எங்களுக்கு ஒரு செக்கிங் அம்மா. ஒயர் கூடையைக் கவிழ்க்க வேண்டும், டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும், கொண்டையை அவிழ்த்து உதற வேண்டும். கொண்டைக்குள் கம்பி சுற்றி எடுத்துப் போனவள் யாரோ முன்னொரு காலத்தில் இருந்தாளாம். அவள் புண்ணியத்தில் நாங்கள் எல்லாரும் தினமும் தலைவிரி கோலமாக ரோட்டுக்கு வந்து, அங்கே நின்று மறுபடி முடிந்துகொள்வோம். என் கொண்டையை ஜமுனாதான் முடிந்துவிடுவாள்.

ஜமுனா எனக்குப் பக்கத்து இருக்கை. அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒன்றாகவே வருவோம், ஒன்றாகவே போவோம், ஒருத்தி சாப்பாட்டில் இன்னொருத்தி கை வைப்பாள். ஒருநாள் அவள் கூடையின் கைப்பிடி அறுந்துவிட்டதென்று தயிர் டப்பாவை என் கூடையில் போட்டாள். அன்று சாயங்காலம் செக்கிங் அம்மா என் கூடையைக் கவிழ்த்தபோது, ஜமுனாவின் தயிர் டப்பாவோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புக் கம்பிச் சுருளும் விழுந்தது. நான் அதைப் பார்த்ததே அப்போதுதான். வரிசை அப்படியே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் கஜேந்திரன் வந்தார். நான் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் பின்னால் நின்ற ஜமுனாவைப் பார்த்து, "நீதானே பக்கத்துல உக்கார்ற, இவ எட்த்தத பாத்தியா?" என்றார். ஜமுனா என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாள்.

'தனம் அப்படிப்பட்டவள் இல்லை சார்' என்று ஜமுனா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வேலை அன்றோடு போயிற்று. வேலை போனதுகூட அப்புறம்தான் உறைத்தது, அவள் சொன்ன அந்தத் 'தெரியாது' அப்போதே நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எஸ்டேட்டில் வேறு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்து, அப்போது உடம்பு முடியாமல் வீட்டில் கிடந்த அப்பா காதுக்கு, நான் வீடு போய்ச் சேருமுன்பே விஷயம் போய்விட்டது. எடுத்தாயா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்காததால் அவர் என்ன நினைக்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். பெஞ்சின் ஓரத்து ஆணியில்தான் கூடை தொங்கும், வெட்டிப் போடும் சுருள் தவறி விழுந்திருக்கலாம். கஜேந்திரனுக்கு என்மேல் ஏதாவது கடுப்பு இருந்திருக்கலாம். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. அன்று என் கூடைக்குள் கைவிட்டவள் ஜமுனா ஒருத்திதான். அதற்குப் பிறகு அவள் பலமுறை வீட்டுக்கு வந்தாள். நான் இல்லையென்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, ஏகாம்பரத்தின் அண்ணன் முயற்சியில் நாங்கள் கனடா கிளம்பியபோதும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த முன்கதையோடுதான் அந்தக் குளிர்கால மத்தியானத்துக்கு வர வேண்டும். நான் செய்த புது வலையைக் கருவியின் மேல் பொருத்தி ஒரு முழுச் சுற்று சுற்றினார்கள். ஒரு சுற்றுக்குள் முள் இரண்டு மேடு வரைய வேண்டும், இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒரு மேடு உயரமாக வந்தது. மறுபடி சுற்றினார்கள், மறுபடியும் அதே. ஒரு பக்கத்துக் கம்பிகள் தொய்ந்திருந்தால் இப்படி வரும் என்றான் ஆண்ட்ரூ. மார்கரெட்டின் கீழ் ஆராய்ச்சி செய்கிறவன். நல்ல பையன், ஆனால் அப்போது அவன் குரலில் கஜேந்திரன்தான் எனக்குக் கேட்டது. மார்கரெட் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள். "இன்று கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். வலையிலிருந்து ஆரம்பிப்போம்" என்றாள்.

அவள் சொன்னது வலையைத்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு வரும். ஆனால் சோதனை என்றதும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. மேசைக்குப் போய் என் பையைக் கவிழ்த்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தேன், அதில் மத்தியானம் மிச்சம் விட்ட எலுமிச்சம் சாதம். அப்புறம் ஹேர்பின்னை ஒவ்வொன்றாக உருவி, கொண்டையை அவிழ்த்து, தலையைக் குனிந்து உதறினேன். நிமிர்ந்தபோது ஆண்ட்ரூ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மார்கரெட் திறந்த டிபன் பாக்ஸையும் என் தலைமுடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேலையை விட்டுப் போகிறாயா? நான் சொன்னது உன்னை அவ்வளவு புண்படுத்திவிட்டதா?" என்று கேட்டாள். சாமானை எல்லாம் எடுத்துக் கொட்டினால் இந்த ஊரில் அதற்கு அதுதான் அர்த்தம் போலும். இல்லை, எங்கள் ஊர் கம்பெனியில் இப்படித்தான், கம்பி எடுத்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "என் வாழ்நாளில் யாருடைய பையையும் நான் திறந்ததில்லை. எனக்கு அந்த மேடு எங்கிருந்து வருகிறதென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்" என்று எரிந்து விழுந்தாள். அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலைந்த முடியைக் கையால் அள்ளி முடிந்துகொண்டு ஓரமாக நின்றேன். உள்ளுக்குள் ஒரு குரல், அந்த வலை கோணல் என்று முடிவானால் இவளும் உன்னை அனுப்பத்தான் போகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

சந்தேகத்தை அவர்கள் விசாரித்த விதத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வலையைச் சட்டத்தோடு கழற்றி, கால் சுற்று திருப்பி, மறுபடி பொருத்தினார்கள். குற்றம் வலையில் இருந்தால், வலை திரும்பிய அளவுக்கு உயரமான மேடும் இடம் மாற வேண்டும். வலை சுற்றத் தொடங்கியது. நான் மஞ்சள் நாடாவுக்கு வெளியே நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடு இம்மிகூட நகரவில்லை, பழைய திசையிலேயே நின்றது. அடுத்து கருவியைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அங்கேயேதான். ஆக, வலையிலும் இல்லை, கருவியிலும் இல்லை, வெளியே ஏதோ. ஆண்ட்ரூ கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். தரையின் சூடு கருவிக்குள் நுழையாமல் இருக்க, மாடியில் கூரைத் திறப்பைச் சுற்றிலும் அலுமினியத் தகடு வேலி கட்டியிருப்பார்கள். அதில் ஒரு தகடு, பனிக்கட்டியின் கனத்தில் திருகு விட்டு, இடுக்கு வழியாக எதிர்க் கட்டிடத்தின் சூட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. தகட்டை இறுக்கியதும் இரண்டு மேடும் ஒரே உயரத்தில் வந்தன. "வலை நன்றாக இருக்கிறது" என்றாள் மார்கரெட். அவளுக்கு அது ஒரு தகவல், அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கோ குளிரில் வெளியே போய் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கும்போது அது கோபம் என்று தெரிந்தது. ஒரு கம்பிச் சட்டத்துக்குக் கிடைத்த விசாரணை எனக்குக் கிடைக்கவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. சுருள் எங்கிருந்து விழுந்தது என்று ஒருத்தராவது அந்த பெஞ்சைப் போய்ப் பார்த்தார்களா? அன்று இரவு சமைக்கும்போது கோபம் ஜமுனா பக்கம் திரும்பியது. இன்னும் எத்தனை காலம் இதைச் சுமப்பது, நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

அடுத்த வருஷம் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது அந்த நாள் வந்தது. பூந்தமல்லி மண்டபத்தில் உறவுக்காரர்கள் என்னை விசாரித்து எடுத்துவிட்டார்கள். வானத்திலிருந்து வருவதை அளக்கிறோம் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. ஆவடிப் பக்கம் ராணுவத் தொழிற்சாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். "இன்னாமோ மறைக்கிற. குண்டு கிண்டு செய்றீங்களா அங்க?" என்றார் ஒரு மாமா. சிரித்து மழுப்பிவிட்டேன். ஜமுனா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, இரண்டு நாள் கழித்து ஷிப்டு விடும் நேரத்துக்கு எஸ்டேட்டுக்குப் போய், அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்றேன். செக்கிங் அப்படியேதான் இருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராகத் தலையை முடிந்துகொண்டே வெளியே வந்தார்கள். கம்பெனிக்குள் அடியெடுத்து வைக்கவே மாட்டேன் என்று வைராக்கியமாக வந்தவள், ஜமுனாவைப் பார்த்ததும் கேட் வரைக்கும் ஓடிவிட்டேன். கொஞ்சம் பருத்திருந்தாள். நெற்றியோரம் நரை. கல்யாணமாகி சென்னீர்குப்பத்தில் இருக்கிறாள், இன்னமும் அதே பெஞ்சில் கம்பி சுற்றுகிறாள். என்னைப் பார்த்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடிப்பாவி, வந்துட்டியா" என்றாள்.

டீ வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றோம். குழந்தைகள், மாமியார், முட்டி வலி என்று என்னென்னவோ பேசினாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

"ஜமுனா, அன்னிக்கு கஜேந்திரன் கேட்டப்போ ஒண்ணும் தெரியாதுன்னியே, ஏன்?"

எந்த அன்னிக்கு என்று அவள் கேட்கவில்லை. அவளும் மறக்கவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

"பின்ன இன்னா சொல்ல சொல்ற? நீ எட்த்தன்னு சொல்லவா? அவன் போலீஸ்ல புட்ச்சி குட்த்துருப்பான். நான் வாய மூடிகினு இருந்ததாலதான் வேலையோட போச்சு."

"நான் எட்த்தத பாத்தியா நீ?"

"பாக்கல. எட்த்துருப்பன்னு நெனச்சேன். ஒங்க நைனாக்கு அப்போ ஒடம்பு சரியில்ல, வேலைக்கு போவாம ஊட்ல கெடந்தாரு. நானா இருந்தா ரெண்டு சுருளு எட்த்துருப்பேன்."

"நான் எடுக்கல ஜமுனா."

"சரி, வுடு."

"சத்தியமா எடுக்கல."

"எட்த்தா இன்னா, எடுக்காட்டி இன்னா? நான் இன்னா உன்ன கொறயா நெனச்சேனா?" என்று என் தோளைத் தட்டினாள். அவள் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நீதான் என் கூடையில போட்டன்னு நான் இத்தினி வருசமும் நெனச்சிகினு இருந்தேன்" என்று போட்டு உடைத்தேன்.

ஜமுனாவின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றுவிட்டது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "நானா?" என்று மட்டும் கேட்டாள். "நான் உன்ன திருடின்னு நெனச்சிகினுதான் உங்க ஊட்டாண்ட அத்தினி தபா வந்தேன். நீ என்ன திருடின்னு நெனச்சி ஒரு தபா கூட கதவ தொறக்கல" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஒரு பொருளைச் சந்தேகப்பட்டால் அதைக் கழற்றித் திருப்பி வைத்துப் பார் என்பது மார்கரெட்டின் வழக்கம். ஜமுனாவின் மேல் எனக்கிருந்த சந்தேகத்தை அயனம்பாக்கத்திலும் வைத்துப் பார்த்தேன், கடல் தாண்டிக் கொண்டுபோயும் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் என்னோடு கூடவே வந்தது. அப்படியானால் அது யாருடையது என்று வலை செய்கிற எனக்கே தெரிந்திருக்க வேண்டாமா? இதை ஜமுனாவிடம் சொல்லத் தெரியாமல், அங்கே என் வேலையில் ஒரு குற்றமும் இல்லையென்று மெஷினே சொல்லிற்று என்று எதையோ உளறினேன். "நல்லதாச்சு. இங்க எந்த மெஷினு வந்து சொல்லும்? வா, பஸ்ஸு வந்துட்ச்சி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பூந்தமல்லி போகிற பஸ். ஷிப்டு விட்ட நேரம், உள்ளே மூச்சு விட இடமில்லை. ஜமுனா முழங்கையால் வழி செய்து இரண்டு சீட்டைப் பிடித்தாள். ஜன்னலோரத்தில் என்னைத் தள்ளி உட்காரவைத்து, பக்கத்தில் நின்றவளிடம், "எங்கூட வேலை செஞ்ச பொண்ணு, கனடாவுல கீது" என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவளுக்கும் அந்தக் கதை தெரிந்திருக்குமோ, செப்புக் கம்பி விற்றுத்தான் கனடா போனேன் என்று பேசிக்கொள்வார்களோ என்று என் புத்தி உடனே ஓடியது. ஜமுனா அதற்குள் தன் கைப்பையை என் மடியில் வைத்து, "புடிச்சிக்கோ, ஜிப்பு போச்சு" என்றாள். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து கம்பி சுற்றிய அலுப்பு. வண்டி எஸ்டேட்டைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

பை வாயைப் பிளந்துகொண்டு என் மடியில் கிடந்தது. சீப்பு, மாத்திரை அட்டை, மகளுக்கு வாங்கிய ரிப்பன். அதற்கு மேலாக, பாதி பிரிந்த காகிதத்தில் திருகாணி போன ஒரு தங்கத் தோடு. ஜோடியில் மற்றதும் அதே காகிதத்தில் இருந்தது. ரிப்பேருக்குக் கொடுக்க எடுத்து வந்திருப்பாள். திருடி என்று அவள் மனதார நம்புகிற ஒருத்தியின் மடியில் அதை வைத்துவிட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுத் தூங்கினாள். என் கைவேலையில் பழுதில்லை என்று கண்டுபிடித்த ஊரில், என் புருஷனைத் தவிர, என்மேல் இப்படிச் சாய்ந்து தூங்க ஒருவர் இல்லை. அழுகை வந்தது. தோள் குலுங்கினால் எழுந்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

"அயனம்பாக்கம் எறங்கறவங்கல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் கத்தினார். அம்மா எனக்காகச் சோறு வடித்துவைத்துக் காத்திருப்பாள். பெண்கள் என்னைத் தாண்டி முண்டியடித்து இறங்கினார்கள். நான் எழுந்தால் ஜமுனாவின் தலை சரியும். விசில் கொடுத்தாயிற்று, வண்டி நகர்ந்துவிட்டது. தோட்டைக் காகிதத்தில் மடித்து, பையின் வாயை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சென்னீர்குப்பத்துக்கு அவள் இறங்க வேண்டிய குமணன்சாவடி இன்னும் வரவில்லை.